போனுக்குள் பூட்டிய வானொலி

மைசூரின் யாதவகிரிப் பகுதியில் கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு கட்டடங்களைப் பார்க்கலாம். ஒன்று ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீடு. 2016-லிருந்து அது நினைவு இல்லம். மற்றது ஆகாஷ்வாணி நிலையம். அதை நினைவு இல்லமாக்கும் வேளை இன்னும் வரவில்லை. 100.6 மெகாஹெர்ட்ஸில் அது பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும்தான் இருக்கிறது.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து தேவராஜ அர்ஸ் சாலைக்குப் போங்கள். ஏதாவது ஒரு செல்போன் கடையில் நுழைந்து, முப்பதாயிரம் ரூபாய்க்கு நல்ல போனாகக் காட்டச் சொல்லுங்கள். கேமராவில் எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும் என்று கடைப் பையன் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். 'எஃப்.எம். வருமா?' என்று கேட்டால் மட்டும் ஒரு கணம் தயங்குவான். பிறகு, 'ஆப் டவுன்லோடு பண்ணிக்கலாம் சார்' என்பான்.

கேட்டது வானொலி. கிடைப்பது இன்டர்நெட். இரண்டும் ஒன்றுதான் என்று கடைப் பையன் நினைப்பதில் தப்பில்லை. செல்போன் கம்பெனிகளும் அப்படித்தான் நினைக்கின்றன. மத்திய அரசும் அப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டதோ என்பதுதான் கவலை.

ஏனென்றால் அந்தக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் பல போன்களுக்குள் ஏற்கெனவே ஒரு ரேடியோ இருக்கிறது. அது தனிப் பெட்டி அல்ல. வைஃபை, புளூடூத் வேலைகளைக் கவனிக்கும் அதே சிப்பின் ஒரு மூலையில் எஃப்.எம். ரிசீவரும் சேர்ந்தே தயாராகி வருவது பல ஆண்டு வழக்கம். வாங்குகிறவர் சிப்புக்குக் கொடுக்கும் காசில் அதன் காசும் அடக்கம். ஆனால் ஆன்டெனாவுக்கு இணைப்புக் கொடுக்காமல், அல்லது சாஃப்ட்வேரில் கதவைத் திறக்காமல், கம்பெனி அதை ஊமையாக்கி அனுப்புகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பகுதி பூட்டி இருக்கிறது. சாவி யாரிடமும் கொடுக்கப்படவில்லை.

இந்தப் புகாரை மைசூரிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. 'ஆகாஷ்வாணி' என்ற பெயர் டில்லி அதிகாரிகள் கண்டுபிடித்ததல்ல. அது பிறந்தது இந்த ஊரில், ஒரு வாத்தியார் வீட்டில்.

மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் எம்.வி. கோபாலஸ்வாமி. லண்டனில் படித்துவிட்டு வந்தவர். ரேடியோ என்றால் பணக்கார வீட்டு வரவேற்பறையில் இருக்கும் அலங்காரப் பெட்டி என்று இருந்த காலத்தில், பாமர மக்களுக்குப் படிப்பும் பாட்டும் கொண்டுபோக அதைவிட நல்ல வாகனம் இல்லை என்று நம்பியவர். 1935 செப்டம்பரில் 'விட்டல விஹார்' என்ற தன் வீட்டிலேயே ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒலிபரப்பை ஆரம்பித்தார். இன்றைய மைசூர் நிலையத்துக்கும் அந்த வீட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். நிலையத்துக்கு வைத்த பெயர் ஆகாஷ்வாணி. பிரிட்டிஷ் அரசின் ஒலிபரப்பு நிறுவனம் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரைப் பெற்றது 1936 ஜூனில். அதாவது பேராசிரியரின் பெயர் வயதில் மூத்தது.

வீட்டு ரேடியோ நிலையம் நடத்துவது சாதாரணக் காரியமல்ல. சொந்தப் பணம் போட்டார். நண்பர்கள் கைகொடுத்தார்கள். 1940களின் ஆரம்பத்தில் மைசூர் சமஸ்தான அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1950-ல் அது ஆல் இந்தியா ரேடியோவின் கைக்குப் போனது. ஐம்பதுகளின் மத்தியில் ஒலிபரப்பு பெங்களூருக்கு மாறியது. எழுபதுகளில்தான் மைசூருக்கு மறுபடி சொந்தக் குரல் கிடைத்தது. இதற்கிடையில் பேராசிரியர் வீட்டுப் பெயரை டில்லி எடுத்துக்கொண்டு நாடு முழுவதற்கும் சூட்டியது.

தமிழர்களுக்கு இதில் ஒரு பழைய வருத்தம் உண்டு. 'வானொலி' என்ற அருமையான சொல் இருக்கும்போது ஆகாஷ்வாணி எதற்கு என்ற கேள்வி பல தலைமுறையாகத் தமிழ்நாட்டில் கேட்கப்படுகிறது. 2023 மே மாதம், இனி ஆங்கிலத்திலும் 'ஆல் இந்தியா ரேடியோ' கிடையாது, எங்கும் ஆகாஷ்வாணிதான் என்று பிரசார் பாரதி உத்தரவு போட்டபோதும் இங்கிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. எழுந்ததில் நியாயமும் இருந்தது. ஆனால் பெயரைப் பற்றிய அந்தச் சண்டையில் ஒரு சின்ன விஷயம் அடிபட்டுப் போயிற்று. ஆகாஷ்வாணி என்று சொன்னாலும் சரி, வானொலி என்று சொன்னாலும் சரி, கேட்பதற்கு கையில் ஒரு ரிசீவர் வேண்டும்.

அந்த ரிசீவர் எங்கே போனது என்பதுதான் கதை.

ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீஸில் வருடாவருடம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். எண்பதுகளில் அந்தத் தொல்லை ஒழிந்தது. டிரான்ஸிஸ்டர் டீக்கடைக்கு வந்தது, வயலுக்கு வந்தது, சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கியது. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல் சென்னையில்தான் ஆரம்பமானது. அதைக் கேட்கும் கருவி அப்போது அபூர்வம். எஃப்.எம். நிஜமாகவே ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது 2000-க்குப் பிறகு, செல்போன் வழியாகத்தான். ஆயிரத்தைந்நூறு ரூபாய் பட்டன் போனில்கூட எஃப்.எம். இருந்தது. 'ரேடியோ வருமா, டார்ச் எரியுமா' என்று கேட்டுத்தான் கிராமத்தில் போன் வாங்கினார்கள். தனி ரேடியோ பெட்டி வாங்கும் பழக்கமே அதனால் போயிற்று. போனுக்குள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

பிறகு போன் மாறியது. எஃப்.எம். கேட்பதற்கு ஹெட்செட்டைச் செருக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வயர்தான் ஆன்டெனா. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதன் கால்வாசி, 75 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பி இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். ஹெட்செட் வயரின் நீளம் கிட்டத்தட்ட அதற்குத் தோதாக அமைந்தது. 2016 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் 7-ல் ஹெட்செட் செருகும் 3.5 மி.மீ. துளையை அடைத்தது. அதற்கு அந்தக் கம்பெனி மேடையில் சொன்ன காரணங்களில் ஒன்று 'துணிச்சல்'. முதலில் கேலி செய்த மற்ற கம்பெனிகள் சீக்கிரமே அதே துணிச்சலைக் காட்டின. துளை போனது. துளையோடு ஆன்டெனாவும் போனது. அடுத்தபடியாக, ஆன்டெனாவே இல்லாத ரிசீவருக்கு சாஃப்ட்வேர் எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

துளை போனதற்கு மெல்லிய உடல், பெரிய பேட்டரி, தண்ணீர் புகாத வசதி என்று காரணம் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வயர் இல்லாமல், உள்ளே வைத்த ஆன்டெனாவிலேயே எஃப்.எம். எடுக்கும் மலிவு விலை பட்டன் போன்கள் கடையில் கிடைக்கின்றன. ஆயிரம் ரூபாய் போனில் முடிகிற வித்தை முப்பதாயிரம் ரூபாய் போனில் முடியாது என்றால் அது எஞ்சினியரின் தோல்வி இல்லை. மார்க்கெட்டிங் ஆபீசரின் விருப்பம்.

விருப்பத்துக்குக் காரணம் வெளிப்படை. எஃப்.எம். ஒலிபரப்பில் யாருக்கும் பில் போட முடியாது. இன்டர்நெட் வழியாக விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் பாட்டுக் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 58 எம்.பி. டேட்டா செலவாகும். அது டெலிபோன் கம்பெனிக்கு வியாபாரம். கேட்கிறவர் யார், எந்த ஊர், எந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்தினார் என்ற விவரமெல்லாம் ஆப் நடத்துகிறவருக்குக் கிடைக்கும். அது விளம்பர வியாபாரம். எஃப்.எம். ரிசீவரோ யாரிடமும் எதுவும் சொல்லாது. ஒரு டிரான்ஸ்மிட்டரை நூறு பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்புகிறவருக்குக் கரண்ட் பில் ஒன்றுதான். இத்தனை சிக்கனமான, இத்தனை வாய்மூடியான ஒரு சாதனத்தை விற்பதில் யாருக்கும் லாபமில்லை.

இது வெறும் ஊகம் என்று தோன்றினால் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கும் போன்களுக்குள் ரேடியோ இப்படித்தான் பூட்டிக் கிடந்தது. 2013-ல் அந்த நாட்டு வானொலி நிறுவனங்கள் ஸ்பிரின்ட் என்ற டெலிபோன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டன. பூட்டைத் திறந்துவிடுவதற்குக் கூலி ஆண்டுக்கு 1.5 கோடி டாலர், மூன்று ஆண்டுகளுக்கு. 2017-ல் புவர்ட்டோ ரிக்கோ தீவைப் புயல் புரட்டிப் போட்டபோது அங்கிருந்த செல்போன் டவர்களில் 95 சதவீதம் செயலிழந்தன. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் தலைவராக இருந்த அஜித் பாய், ஐபோனில் எஃப்.எம்.மைத் திறந்துவிடுமாறு ஆப்பிளைக் கேட்டுக்கொண்டார். ஐபோன் 7-லும் 8-லும் எஃப்.எம். சிப்பும் இல்லை, ஆன்டெனாவும் இல்லை, திறக்க ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. பூட்டைத் திறக்கச் சொன்னால் கதவையே எடுத்துவிட்டோம் என்றார்கள்.

புயலும் வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் போன சில மணி நேரத்தில் செல்போன் டவர்களும் ஓய்ந்தன. 2018 ஆகஸ்டில், மைசூருக்கு மேற்கே உள்ள குடகு மலைகள் சரிந்தபோது சாலை, மின்சாரம், தொலைபேசி மூன்றும் ஒன்றாக அறுந்த கிராமங்கள் பல. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. டவரில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் லாரி வர சாலை வேண்டும்.

அந்த நேரத்தில், முகாம் எங்கே, தண்ணீர் எந்த அணையிலிருந்து எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எந்தப் பாலம் உடைந்தது என்ற தகவல் வர இருக்கும் ஒரே வழி, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், வெள்ளம் எட்டாத இடத்தில் நிற்கும் ஒரு ரேடியோ கோபுரம். அது டவரை நம்பி இல்லை. சிம் கார்டு கேட்காது. ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று சொல்லாது. போனின் கடைசி சொட்டு சார்ஜிலும் இன்டர்நெட்டைவிட நெடுநேரம் ஓடும்.

கடலில் போகிறவர்களுக்கு இது தினசரிப் பிரச்னை. கரையிலிருந்து சில மைல் போனால் செல்போன் சிக்னல் போய்விடும். பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' என்ற 90.4 எஃப்.எம். நிலையம் மீனவர்களுக்காகவே நடக்கிறது. காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்று சொல்கிறது. அதைக் கேட்க வேண்டிய இளைஞன் கையில் இருப்பது எஃப்.எம். இல்லாத புது ஸ்மார்ட்போன் என்றால், படகில் அவன் அப்பாவின் பழைய பட்டன் போன்தான் புத்திசாலி.

'இப்போதுதான் அரசே போனில் எச்சரிக்கை மணி அடிக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2023 அக்டோபரில் சோதனைக்காகப் போன்கள் அலறியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். நல்ல ஏற்பாடு. புயலுக்கு முந்தின நாள் அது உயிர்காக்கும். ஆனால் அந்த மணியும் டவர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். புயலுக்கு மறுநாள் டவர் விழுந்த ஊரில் அது அடிக்காது. ரேடியோவின் வேலை அந்த மறுநாள்தான்.

மத்திய அரசுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. 2023 ஏப்ரலில் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன் தயாரிப்பாளர்களின் சங்கங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. போனில் எஃப்.எம். ரிசீவர் இருந்தால் அதை முடக்காதீர்கள், இல்லாவிட்டால் சேருங்கள் என்றது. எஃப்.எம். உள்ள போன்கள் குறைந்துவருவதையும், பேரிடர் காலத்தில் அதன் அவசியத்தையும் காரணமாகச் சொன்னது. அதே ஏப்ரல் 28-ம் தேதி பிரதமர் மோடி 18 மாநிலங்களிலும் 2 யூனியன் பிரதேசங்களிலும் 91 புதிய எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்களைத் தொடங்கி வைத்தார். சில நாளில் பெயர் உத்தரவும் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் டிராய் அமைப்பும், போன்களில் எஃப்.எம். இயங்குவதை உறுதிசெய்ய வேண்டும் என்று பரிந்துரை செய்தது.

ஆக, டிரான்ஸ்மிட்டருக்குப் பணம் ஒதுக்கினார்கள். பெயருக்கு உத்தரவு போட்டார்கள். ரிசீவருக்கு மட்டும் புத்திமதி சொன்னார்கள்.

சுற்றறிக்கையின் முதுகெலும்பு அங்கேதான் முறிகிறது. அது அறிவுரை. மீறினால் அபராதம் என்று அதில் ஒரு வரி இல்லை. அறிவுரையைக் கேட்டு லாபத்தை விட்டுக்கொடுத்த கம்பெனியை உலகம் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறது.

அரசுக்குக் கட்டளை போடத் தெரியாதா? தெரியும். போனில் ஆபத்து கால பட்டன் கட்டாயம் என்று 2016-ல் விதி வகுத்தது இதே அரசுதான். 'முடியாது, செலவாகும்' என்று யாரும் கடையை மூடவில்லை. 2025 இறுதியில் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசு ஆப்பை எல்லாப் புது போனிலும் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. வேவு பார்க்கும் வழி என்று எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் வாபஸ் வாங்கியது. போன் வைத்திருப்பவர் விரும்பாத ஒன்றைத் திணிக்க உத்தரவு எழுதும் கை, அவருக்கு உதவும் ஒன்றைத் திறந்துவிட மட்டும் அறிவுரையோடு நிற்பது விசித்திரம்.

கம்பெனிகள் தரப்பையும் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் யாரும் கேட்பதில்லை, கேட்காத வசதியை எதற்குத் தர வேண்டும் என்கிறார்கள். டவரும் டேட்டாவும் இல்லாமல் போனிலேயே டி.வி. பார்க்கும் திட்டம் ஒன்றை அரசு 2023-ல் பேசியபோது சாம்சங், குவால்காம் போன்றவை எதிர்த்தன. ஒரு போனுக்கு 30 டாலர் வரை கூடுதல் செலவாகும் என்றார்கள். புது ஹார்டுவேர் வேண்டும் என்பதால் அந்த வாதத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. எஃப்.எம்.முக்கு அது பொருந்தாது. சிப் பல போன்களில் ஏற்கெனவே இருக்கிறது. நூறு கோடி ஜனங்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய, மலிவான, பழகிய தொழில்நுட்பம். 'யாரும் கேட்பதில்லை' என்பதும் பாதி உண்மைதான். கடைக்காரரிடம் யாரும் சீட் பெல்ட் கேட்டு கார் வாங்கியதில்லை. விபத்து நடக்கும்வரை அது தேவைப்படுவதில்லை.

இதில் ஆகாஷ்வாணிக்கும் பங்கு இல்லாமல் இல்லை. மத்திய அலைவரிசையை நவீனமாக்குகிறோம் என்று அது முப்பத்துச் சொச்சம் டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியது. அதைப் பிடிக்கும் ரிசீவர், சில கார்களைத் தவிர, சாமானியர் வாங்கும் விலையில் கடைக்கு வரவே இல்லை. ஒலிபரப்பு வானத்துக்குப் போனது. பூமிக்கு இறங்க வழியில்லை. ரிசீவரைப் பற்றி யோசிக்காமல் டிரான்ஸ்மிட்டர் வாங்குவது அங்கே பழைய வியாதி.

இன்னொரு வியாதி, செய்தியைத் தன் பெட்டியிலேயே பூட்டி வைத்துக்கொள்வது. டி.வி.யில் நாள் முழுக்கச் செய்தி சொல்ல எத்தனையோ தனியாருக்கு அனுமதி கொடுத்த நாடு, எஃப்.எம்.மில் சொந்தமாக செய்தி சொல்ல மட்டும் தனியாரை விடாமல் ஆண்டுக்கணக்கில் அடம்பிடித்தது. 2019-ல் கொடுத்த சலுகை, ஆகாஷ்வாணி செய்தியை அப்படியே திருப்பி ஒலிபரப்பலாம் என்பதுதான். மணிக்கு பத்து நிமிடம் சொந்தச் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று டிராய் 2023-ல் சொன்னது. பாட்டும் விளம்பரமும் கிண்டல் பேச்சும் மட்டும்தான் வானொலி என்று இருபது ஆண்டுகளாகப் பழக்கிவிட்டு, 'பேரிடரில் வானொலியைக் கேளுங்கள்' என்றால் யார் நம்புவார்கள்? பாட்டுக்கு ஆப் போதும் என்று ஜனங்கள் போனது அவர்கள் தப்பல்ல.

வானொலியையே மூடிவிட்டு இன்டர்நெட்டுக்குப் போவதானால் அதையும் நேர்மையாகச் செய்யலாம். நார்வே நாடு 2017-ல் தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது. ஆனால் பார்லிமென்ட்டில் விவாதித்து, தேதி குறித்து, மாற்றாக டிஜிட்டல் வானொலியை நாடெங்கும் நிறுவி, ஜனங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தது. கோபப்பட்டவர்கள் கோபப்பட ஓர் இடம் இருந்தது. இங்கே யாரும் எந்த முடிவும் எடுத்ததாகத் தெரியவில்லை. எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கம்பெனியின் மீட்டிங்கில், விவரப் பட்டியலில் ஒரு வரி அடிக்கப்பட்டது. இந்தியாவில் கோடிக்கணக்கான வானொலிப் பெட்டிகள் அன்றே அணைந்தன. அதைப் பற்றிப் பேச லோக்சபாவுக்கு நேரம் இருந்ததில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. அறிவுரையை விதியாக்க வேண்டும். சிப்பில் ரிசீவர் இருந்தால் அதை முடக்கி விற்கக் கூடாது என்பது முதல் வரி. துளை இல்லாத போனில் உள் ஆன்டெனா அல்லது சார்ஜர் வயர் வழியாக அலையைப் பிடிக்க வழி செய்ய வேண்டும் என்பது இரண்டாவது வரி. அதற்கு ஓரிரு ஆண்டு அவகாசம் தரலாம். மூன்றாவதாக, போன் பெட்டியின் மேல் 'எஃப்.எம். உண்டு' அல்லது 'எஃப்.எம். இல்லை' என்று கண்ணில் படும் எழுத்தில் அச்சிட வைக்க வேண்டும். இது மறுநாளே செய்யக்கூடியது. இந்தியாவில் விற்கும் போன்களில் பெரும்பாலானவை இப்போது ஸ்ரீபெரும்புதூரிலும் நொய்டாவிலும் இப்படி இங்கேயே தயாராகின்றன. தயாரிப்புக்கு ஊக்கத்தொகையும் அரசு தந்திருக்கிறது. கொடுத்த கைக்கு ஒரு நிபந்தனை போடும் உரிமை உண்டு.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பாடமும் இருக்கிறது. மைசூர் பேராசிரியருக்கு 11 ஆண்டுகள் முன்பே, 1924-ல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சேர்ந்து மெட்ராஸ் பிரெஸிடென்ஸி ரேடியோ கிளப் ஆரம்பித்தார்கள். 40 வாட் டிரான்ஸ்மிட்டர். மூன்றே ஆண்டில் பணமில்லாமல் ஒலிபரப்பு நின்றது. டிரான்ஸ்மிட்டரை சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930-ல் மாநகராட்சி மீண்டும் ஒலிபரப்பைத் தொடங்கியது. மெட்ராஸிலும் மைசூரிலும் நடந்தது ஒன்றுதான். தனிமனிதர்கள் கைக்காசு போட்டு ஆரம்பித்தார்கள். லாபமில்லாத வேலை என்பதால் ஒரு கட்டத்தில் பொது நிர்வாகம் அதைத் தோளில் ஏற்றுக்கொண்டது. லாபம் வராவிட்டாலும் ஊருக்கு வேண்டும் என்று அன்றைய நகராட்சிக்கும் சமஸ்தானத்துக்கும் புரிந்தது.

கோபாலஸ்வாமி மைக் முன்னால் உட்கார்ந்த நாட்களில் மைசூரில் ரேடியோ பெட்டி வைத்திருந்த வீடுகள் சொற்பம். டிரான்ஸ்மிட்டர் இருந்தது, கேட்கக் கருவி இல்லை. அதை அவரால் மாற்ற முடியாது. இன்று யாதவகிரி நிலையம் பேசுவதைப் பிடிக்கக்கூடிய சிப், தேவராஜ அர்ஸ் சாலையில் நடக்கும் எத்தனையோ பேர் சட்டைப் பையில் இருக்கிறது. அதைத் திறக்க ஒரு விதி போதும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் போன் வாங்கப் போகிறவர்கள் கேமராவைக் கேட்பதற்கு முன்னால் எஃப்.எம்.மைக் கேட்கட்டும். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்கட்டும். கடைப் பையனுக்குப் பதில் தெரியாது. ஆனால் பத்து பேர் கேட்டால் முதலாளியிடம் சொல்வான். நூறு பேர் கேட்டால் முதலாளி கம்பெனிக்குச் சொல்வார். 'யாரும் கேட்பதில்லை' என்ற வாதமாவது அப்போது செத்துப்போகும்.